நிலானி போட்ட பூட்டு

பினாங்கில் மேடை போட்டுப் பிழைக்கிறவர்களிடம் நிலானி என்று பெயரைச் சொல்லிப் பாருங்கள். ஒருவன் சிரிப்பான், ஒருவன் முகத்தைச் சுளிப்பான், இன்னொருவன் தன் ஒயர்களை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உங்களுக்குப் பதில் சொல்வான். கல்யாணம், கோயில் திருவிழா, கடற்கரைக் கச்சேரி, எதுவானாலும் சரி. ஜென்செட் என்கிற ஜெனரேட்டர் வைத்து இரண்டு நாளைக்கு மின்சாரம் இழுக்கிற இடங்களில் இப்போது காப்பீட்டுக்காரர்கள் தகுதியுள்ள ஒருவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள். அந்தக் கையெழுத்துப் போடுகிறவர்களில் ஒருத்தி நிலானி. வயது நாற்பத்து மூன்று, உயரம் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு. காலில் ரப்பர் அடி வைத்த கனத்த சப்பாத்து, இடுப்பில் டெஸ்டர், காதில் அம்மா போட்டுவிட்ட சிவப்புக்கல் தோடு. "கச்சாவ் புடிச்ச பொம்பள" என்று, தொல்லைக்காரி என்ற பொருளில், முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல ஒருத்தனுக்கும் தைரியம் இல்லை.

இந்தத் தொழிலை அவள் ஆசைப்பட்டுக் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு மனிதனைத் தலைகுனிய வைக்கக் கற்றுக்கொண்டாள். இதை நான் மெழுகிச் சொல்லப்போவதில்லை. அவளும் ஒருநாளும் மெழுகியதில்லை.

அதற்கு முன் பதினாறு வருடம் அவள் பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். விடியற்காலையில் தொழிற்சாலை பஸ், வெள்ளை அங்கி, முகமூடி. வேலையில் உட்காரும் முன் மணிக்கட்டில் ஒரு பட்டியைக் கட்டிக்கொள்ள வேண்டும். பட்டியிலிருந்து ஒரு சுருள் ஒயர் போய் மேசையின் எர்த்தில் முடியும். உடம்பில் சேரும் துளி மின்சாரம் தாக்கி சிப் செத்துவிடக் கூடாதல்லவா, அதற்காக. நகத்தளவு சிப்பைக் காப்பாற்ற அவளைப் பதினாறு வருடம் எர்த்தில் கட்டி வைத்தார்கள். அவள் தம்பி நின்ற மேடைக்கு எர்த் போட மட்டும் ஒரு நாதியில்லை.

தம்பி பெயர் மயூரன். அவளைவிட ஆறு வயது இளையவன். கப்பல் அலுவலகத்தில் கணக்கர், சனி ஞாயிறுகளில் கீபோர்டு வாசிப்பான். அவனுடைய சிறுவயதிலேயே அப்பா விநாசித்தம்பி போய்விட்டதால் அவனைத் தூக்கி வளர்த்தவள் நிலானிதான். ஏழு வருடத்துக்கு முந்தைய தைப்பூசத்துக்கு அவன் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தான். கறி மீன் கிடையாது, தரையில் பாயில்தான் படுக்கை. வேலை முடிந்து வந்தால் வெளியே காப்பிகூடக் குடிக்கமாட்டான். பூசத்துக்கு முதல் நாள் மாலை, தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் சாலையில் ஒரு தண்ணீர்ப் பந்தலில் பக்திப் பாட்டு வாசிக்கப் போனான்.

அந்தப் பந்தலுக்கு விளக்கும் ஒலியும் போட்டவன் ஹரீஷ். பெரிய கை. பந்தல்களுக்கு இலவசமாக வண்ண விளக்குப் போடுவான், பள்ளிக்கூட விழாவுக்கு ஸ்பீக்கர் கொடுப்பான், எல்லாரையும் தோளில் தட்டிப் பேசுவான். இப்படிப்பட்டவனைப் பற்றி யார் குறை சொன்னாலும் சொன்னவன்தான் கெட்டவன் ஆவான்.

அன்று மழை தூறிக்கொண்டிருந்தது. பந்தலில் கரண்ட் இரண்டு தரம் போனது. இ.எல்.சி.பி என்று ஒரு விசை உண்டு. போகிற மின்சாரமும் திரும்பி வருகிற மின்சாரமும் சமமா என்று பார்த்துக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. குறைந்தால், அந்தக் குறைந்தது எங்கோ ஒழுகுகிறது, ஒருவேளை ஒரு மனித உடம்பு வழியாக மண்ணுக்குப் போகிறது என்று எடுத்துக்கொண்டு, கண் இமைப்பதற்குள் துண்டித்துவிடும். அதுதான் அன்று இரண்டு தரமும் விழுந்தது. ஆனால் தேர் கிட்ட வந்துகொண்டிருந்தது. தேர் பந்தலைக் கடக்கும்போது விளக்கு அணைந்து கிடந்தால் அபசகுனம், வருடம் முழுக்கப் பேச்சு. பந்தல் போடுகிற எவனுக்கும் அதைவிடப் பெரிய பயம் கிடையாது. சாவுகூட இரண்டாம்பட்சம். மேடையில் முருகன் படம் இருப்பதால் வாசிக்கிறவர்கள் எல்லாரும் வெறுங்காலில் வேறு நின்றார்கள். மூன்றாம் தரம் கரண்ட் வந்தது, பிறகு போகவில்லை. தேர் தெரிந்ததும் மயூரன் எழுந்து எட்டிப் பார்க்க மேடையோர இரும்புக் கம்பத்தைப் பிடித்தான். பிடித்த கையை அவனால் எடுக்க முடியவில்லை.

ஆம்புலன்ஸ் வரும் முன்பே உயிர் போய்விட்டது. மறுநாள் சாவு வீட்டுக்கு ஹரீஷ் இருப்பதிலேயே பெரிய மாலையோடு வந்தான். நிலானியின் தலையில் கை வைத்து அழுதான். வாசலில் நின்றவர்களிடம் மட்டும் குரலைத் தாழ்த்தி, "பையன் கொஞ்சம் போட்டிருந்தான்லா. வாசம் அடிச்சுது. தடுமாறி ஒயர இழுத்துட்டான்" என்றான். இரண்டு நாளில் அது எழுத்திலும் வந்தது. பந்தல் குழுவின் செயலாளர் சற்குணம், ஓய்வு பெற்ற அரசாங்கக் கிளார்க்கு, விநாசித்தம்பியோடு ஒரே அலுவலகத்தில் இருந்தவர். அவர் தன் முத்து முத்தான கையெழுத்தில், வாசிக்க வந்தவர் மது அருந்திய நிலையில் இருந்ததாகத் தெரிகிறது என்று அறிக்கை எழுதிக் கொடுத்தார். உண்மை தெரிந்தால் அடுத்த வருடம் பந்தலுக்கு அனுமதி கிடைக்காது என்ற கவலை அவருக்கு. அந்த ஒரு வரியோடு விசாரணை அடங்கிவிட்டது.

விரதத்தில் இருந்தவனைக் குடிகாரன் என்றார்கள். அம்மா கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். லிட்டில் இந்தியாவில் காய்கறி வாங்கப் போனால் தெரிந்த பெண்கள் பாவம் என்று பார்க்கிற பார்வையைத் தாங்க முடியாமல் கடைக்குப் போவதையும் நிறுத்தினாள். இரண்டாம் வருடம் அவளும் போய்விட்டாள். சாகும் முன் கடைசியாகத் தெளிவாகப் பேசியது, "அவன் குடிக்கமாட்டான்டி" என்பதுதான். அந்த நிமிடத்திலிருந்து நிலானிக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. எந்தச் சாலையில் எந்த வாயால் அந்தச் சொல் வந்ததோ, அந்தச் சாலையிலேயே அந்த வாயாலேயே அது திரும்பப் போக வேண்டும்.

ஆனால் அதற்கு முன்பே, மயூரனுக்குப் பதினாறாம் நாள் முடிந்த வாரத்தில், ஹைக்கல் என்பவன் அவள் வீட்டுக்கு வந்தான். ஹரீஷிடம் ஒயர் இழுக்கும் வேலை செய்தவன். உட்காரக்கூட இல்லை.

"அக்கா, சத்தியமா நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க. எனக்கு மூணு புள்ளைங்க. அன்னிக்கி பாஸ் இ.எல்.சி.பி-ல லூப் போட்டாரு. போலீஸ் வர்றதுக்குள்ள கழட்டிட்டாரு."

"லூப்புன்னா?"

"அதாங்கா... ஒயர வெச்சு சுத்தி விடுறது. நீங்க பொம்பள, உங்களுக்கு எப்படிச் சொல்றது" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அந்த ஒரு சொல்லுக்காக அவள் மூன்று வருடம் படித்தாள்.

சனி ஞாயிறுகளில் பெரிப் படகு ஏறிப் பட்டர்வொர்த்துக்குப் போய், ஒயர்மேன் வகுப்பில் சேர்ந்தாள். பதினேழு ஆண்கள், இவள் ஒருத்தி. முதல் நாள் ஒருவன், "சமையல் கிளாஸ் மாடியிலக்கா" என்றான். வகுப்பெடுத்தவள் அமீரா, இருபத்தேழு வயது, மாணவர்களில் பாதிப் பேரைவிடச் சின்னவள். அவள் திரும்பி அந்தப் பையனிடம், "நீ போய்ச் சமைக்கக் கத்துக்க. இங்க கரண்டுக்குப் பயந்தவங்க மட்டும் இருந்தா போதும்" என்றாள். நிலானிக்கு அந்தப் பெண்ணை அன்றே பிடித்துவிட்டது.

நான்காம் வாரம் இ.எல்.சி.பி பாடம். ஒரு பலகையில் விசை, ஒரு பல்ப். நிலானி எழுந்து கேட்டாள்.

"லூப் போட்டுக் காட்டுங்க."

"அது செய்யக்கூடாத வேலைக்கா."

"தெரியும். செஞ்சா எப்படி இருக்கும்னு பாக்கணும்."

அமீரா பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு கரண்டை நிறுத்திவிட்டு, சாண் நீளத்தில் இரண்டு ஒயர்த் துண்டுகளை எடுத்து, விசைக்கு உள்ளே வருகிற முனைகளையும் வெளியே போகிற முனைகளையும் நேரே இணைத்தாள். திரும்பக் கரண்ட் கொடுத்தாள். "இப்ப டெஸ்ட் பட்டன அமுக்குங்க" என்றாள். நிலானி அமுக்கினாள். டக்கென்று விசை கீழே விழுந்தது. பல்ப் எரிந்துகொண்டேயிருந்தது.

வகுப்பில் யாரோ "வாலாவே" என்று வியந்தார்கள். நிலானி விசையை ஏற்றி மறுபடியும் அமுக்கினாள். விழுந்தது, பல்ப் எரிந்தது. மறுபடியும் அமுக்கினாள். காவலுக்கு நின்றவன் தன் வேலையைச் செய்துவிட்டு விழுந்து கிடக்கிறான், திருடன் அவனைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருக்கிறான். அப்போதுதான் தன் தம்பி எப்படிச் செத்தான் என்று அவளுக்கு முழுதாகப் புரிந்தது. இருபது தரம் அமுக்கிய பிறகு அமீராதான் அவள் கையைப் பிடித்து நகர்த்தினாள்.

"மழையில அது விழுதுன்னா பைத்தியம் புடிச்சு விழலக்கா. எங்கயோ ஒழுகுதுன்னு கத்துது. கத்துறவன் வாயை அடைச்சிட்டா ஒழுகல் நின்னுடுமா?" என்றாள் வகுப்பைப் பார்த்து. வகுப்பு முடிந்து எல்லாரும் போனதும் தனியாகக் கேட்டாள். "யாருக்காகக்கா?"

நிலானி சொன்னாள். எதையும் மறைக்கவில்லை, அவனைச் சும்மா விடப்போவதில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னாள். அமீரா ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "கோபம் இருக்கட்டும். ஆனா கோபத்தோட கரண்ட் பெட்டியைத் தொறந்தீங்கன்னா நீங்களும் போயிடுவீங்க. அவருக்கு அது வசதி" என்றாள்.

அது நிலானிக்கு உறைத்தது. அன்றிலிருந்து ஒழுங்காகப் படித்தாள். எந்த ஒயரைத் தொடும் முன்பும் முதலில் மெயினை அணை. அணைத்ததை வேறொருவன் போட்டுவிடாதபடி உன் பூட்டைப் போடு, சாவியை உன் பையில் வை, உன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிடு. பிறகு டெஸ்டரை எடுத்து, கரண்ட் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த இடத்தில் அது காட்டுகிறதா என்று பார். பிறகு உன் ஒயரைச் சோதி. ஒன்றும் இல்லை என்று காட்டினால் உடனே நம்பாதே. போய்த் தெரிந்த இடத்தில் மறுபடி டெஸ்டரைச் சோதி, அது இடையில் செத்திருக்கலாம். கொரோனாவுக்காக எம்சிஓ வந்து ஊர் அடைந்து கிடந்த மாதங்களில் தன் ஜெலுத்தோங் பிளாட்டின் வரவேற்பறையில் ஒரு பலகை வைத்து இதையே செய்துகொண்டிருந்தாள். சான்றிதழ் கையில் வந்ததும் தொழிற்சாலை வேலையை விட்டாள். ஒரு மேடை நிறுவனத்தில் கேபிள் சுருட்டுவதில் தொடங்கி, மூன்று-பேஸ் மின்பெட்டிகளைத் தனியாக இணைக்கிற இடத்துக்கு வந்தாள். பிறகு சோதனைக்காரி ஆனாள்.

ஆனதும் என்ன செய்தாள் என்கிறீர்கள்? ஹரீஷின் மேடை எங்கே வந்தாலும் அந்த வேலையைக் கேட்டு வாங்கினாள். பட்டர்வொர்த் கல்யாணம், ஆயர் ஈத்தாம் திருவிழா, எங்கு போனாலும் பின்னாலேயே போனாள். நசுங்கிய கேபிள், தோல் உரிந்த பிளக், மழையில் திறந்து கிடக்கும் இணைப்பு, ஒவ்வொன்றையும் படம் பிடித்து எழுதினாள். அவனுடைய ஆட்கள் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி போட்டார்கள். நிகழ்ச்சிகள் தாமதமாயின. இரண்டு கல்யாண மண்டபங்கள் அவனைக் கூப்பிடுவதை நிறுத்தின. ஒவ்வொரு தரமும் அவளுக்கு அன்று நன்றாகத் தூக்கம் வந்தது.

"நீ எனக்குத் தங்கச்சி மாதிரிம்மா" என்றான் ஹரீஷ் ஒருநாள், கெஞ்சலும் எரிச்சலுமாக.

"டெஸ்ட் ரிப்போர்ட் எங்கண்ணே?" என்றாள்.

இல்லாத குற்றம் ஒன்றைக்கூட அவள் எழுதியதில்லை. ஒருமுறை கை துறுதுறுத்தது. ஒரு பெட்டி எல்லாம் சரியாக இருந்தது, ஒரே ஒரு பொய் எழுதினால் அந்த ஒப்பந்தமே அவன் கையைவிட்டுப் போய்விடும். பேனாவை எடுத்தாள், வைத்துவிட்டாள். நல்ல மனசு என்று எண்ணிவிடாதீர்கள். பொய் எழுதினால் தானும் அவனும் ஒன்றாகிவிடுவோம், அப்புறம் அவனைக் கேட்க வாய் இருக்காது என்ற கணக்குத்தான்.

அப்படியும் அவள் மெய்யாகக் காத்திருந்தது கல்யாணங்களுக்கு அல்ல. மூன்று வருடமாகப் பூசத்துக்கு முதல் நாள் எந்த வேலையும் ஒப்புக்கொள்ளாமல் வைத்திருந்தாள். அந்தப் பந்தலுக்கு வேறொரு சோதனைக்காரர் வந்து, பெட்டியைத் திறக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டு, மோர் குடித்துவிட்டுப் போவார் என்பது அவளுக்குத் தெரியும். இந்த வருடம் அவருக்கு டெங்கிக் காய்ச்சல். முதல் நாள் காலையில் அலைபேசி அடித்தது.

"காப்பீட்டுக்காரங்க உங்க நம்பரக் குடுத்தாங்க. இன்னிக்கு ஒரு செக்கிங்..." பேசியது சற்குணம். அந்தக் குரலை அவள் எங்கே கேட்டாலும் கண்டுபிடிப்பாள்.

"வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவள் போய் இறங்கியபோது மணி இரண்டரை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. சற்குணம் அவளைப் பார்த்ததும் கையில் இருந்த காகிதத்தைக் கீழே போட்டுவிட்டார். எழுபதை நெருங்கிவிட்டார், கை நடுக்கம் வந்திருந்தது.

"நிலானியா... நீதான் வருவேன்னு சொல்லலையே."

"நீங்க கேக்கல அங்கிள்."

ஹரீஷ் ஜென்செட்டை ஓடவிட்டுவிட்டு எங்கோ சாப்பிடப் போயிருந்தான். அவள் முதலில் எர்த் கம்பியைத் தேடினாள். கம்பி இருந்தது. எங்கே என்கிறீர்கள்? ஒரு சிமெண்டுப் பூந்தொட்டியில், செம்பருத்திச் செடிக்குப் பக்கத்தில். தார் ரோட்டைத் தோண்டினால் நகராண்மை அபராதம் போடும் என்று தொட்டி மண்ணில் செருகியிருந்தார்கள். மண் என்றால் மண்தானே என்று எண்ணிய அந்த மூளையை நான் என்ன சொல்ல.

பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த பெட்டியைத் திறந்தாள். உள்ளே இ.எல்.சி.பி பளபளவென்று புதிதாக இருந்தது. அதன் இருபுறமும் சாண் நீளத்தில் இரண்டு ஒயர்த் துண்டுகள்.

ஏழு வருடம் கழித்தும், அதே பந்தலில், அதே வேலை. ஒரு சாவுகூட அவனுக்குப் போதவில்லை. அவளுக்கு என்ன தோன்றியது தெரியுமா? சந்தோஷம். நெஞ்சு நிறையச் சந்தோஷம். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். டெஸ்ட் பட்டனை அமுக்கினாள். விசை விழுந்தது, டெஸ்டரில் கரண்ட் அப்படியே நின்றது. மேடைக் கம்பத்தைச் சோதித்தாள். விளக்கு ஒன்றில் மழைநீர் இறங்கியிருக்க வேண்டும், கம்பத்தில் நூற்றுத் தொண்ணூறு வோல்ட் காட்டியது. எல்லாவற்றையும் படம் பிடித்தாள்.

பிறகு அமீரா சொன்னபடி கோபத்தை ஒரு பக்கமாக வைத்துவிட்டு வேலையைச் செய்தாள். இன்ஜினை ஓடவிட்டே, மேடைக்குப் போகும் மெயின் விசையை அணைத்துப் பூட்டினாள். சாவி கால்சட்டைப் பைக்குள் போனது. எதிர் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துப் போட்டிருந்த மோர்க் குளிர்பெட்டியில் டெஸ்டரைச் சோதித்தாள், கம்பத்தைச் சோதித்தாள், ஒன்றும் இல்லை. திரும்பப் போய்க் குளிர்பெட்டியில் மறுபடி சோதித்தாள். கம்பம் வெறும் இரும்பு. இது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஹரீஷ் வந்தான். அவளைப் பார்த்ததும் ஒரு கணம் நின்று, பிறகு சிரித்தான். மேடையில் ஏறும் முன் செருப்பைக் கழற்றிவிட்டு முருகன் படத்தைக் கும்பிட்டான்.

"அட, நீயா? எல்லாம் ஓகேலா. மூணு வருஷமா இதே செட்டு. சைன் போட்டுட்டு மோர் குடிச்சிட்டுப் போ."

"போட்டுடறேன். ஒரு சின்ன வேலை. சற்குணம் அங்கிள், நீங்களும் வாங்க, சாட்சிக்கு." ஈரமான பலகை மேல் மூவரும் நின்றார்கள். இன்ஜின் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது. "ஹரீஷ், அந்தக் கம்பத்துல கைய வைங்க."

அண்ணே என்று சொல்லாமல் அவனை அவள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"எதுக்கு?"

"ஓகேன்னு சொன்னீங்களே. வைங்க."

"விளையாடாதம்மா. நேரமாவுது."

"மயூரன் வெச்ச இடம்தான். வைங்க."

ஹரீஷின் கை பாதி தூரம் எழுந்தது. அங்கேயே நின்றது. விரல்கள் மடங்கின. மழை விட்ட குளிர்ச்சியிலும் அவன் மேலுதட்டில் வியர்வை பூத்தது. சற்குணம் அவன் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஏன் ஹரீஷ், தொடு. அப்பதான் சைன் போடுவா" என்றார்.

"முடியாது சார்."

"ஏன்?" என்றாள் நிலானி.

"அடிக்கும்."

"எப்படி அடிக்கும்? இ.எல்.சி.பி இருக்கே."

அவன் பெட்டிப் பக்கம் பார்த்தான். அவள் விடவில்லை. "எப்படி அடிக்கும், சொல்லுங்க."

"லூப் போட்டிருக்கு" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "மழையில சும்மா சும்மா விழுந்திச்சு. தேர் வர்ற நேரத்துல..."

"அன்னிக்கி?"

பாதி எழுந்திருந்த கையை அவன் கீழே இறக்கினான்.

"அன்னிக்கும் இருந்திச்சு."

சற்குணம் பக்கத்தில் இருந்த ஸ்பீக்கர் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். நிலானி சப்பாத்தைக் கழற்றினாள், காலுறையைக் கழற்றினாள். ஈரப் பலகையில் வெறுங்காலோடு போய் அந்தக் கம்பத்தை முழு உள்ளங்கையாலும் பிடித்தாள். "ஐயோ வேணாம்மா!" என்று அலறினார் சற்குணம். ஒன்றும் நடக்கவில்லை. மற்றக் கையால் சாவியை எடுத்துக் காட்டினாள்.

"இதுல கரண்ட் இல்ல. இருக்குன்னு நான் சொல்லவும் இல்ல. இருக்கும்னு தெரிஞ்சவர் அவர்தான்."

ஹரீஷின் முகம் போன போக்கை அவள் நிதானமாகப் பார்த்தாள். ஏழு வருடம் காத்திருந்த சாப்பாட்டை யாராவது அவசரமாகச் சாப்பிடுவார்களா?

அதன் பிறகு வேலை நடந்தது. அவன் கையாலேயே லூப்பைக் கழற்ற வைத்தாள். நீர் இறங்கிய இரண்டு விளக்குகளைத் தேடிப்பிடித்து இறக்கினார்கள். எர்த் கம்பியைக் கால்வாயோரப் புல் தரையில் ஆழமாக அடித்தார்கள், அவள் அளந்து பார்த்தாள், போதவில்லை என்று இன்னொன்று அடிக்கச் சொன்னாள். ஏழரைக்கு எல்லாம் சரியாகிவிட்டது. மெயின் பூட்டை எடுத்துவிட்டு மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் மட்டும் கரண்ட் கொடுத்தாள். விளக்குகளின் விசையில் பூட்டைப் போட்டாள்.

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இருட்டத் தொடங்கியது. தேர் வளைவு தாண்டிவிட்டதாக ஆள் ஓடி வந்து சொன்னான். தூரத்தில் உறுமிச் சத்தம். சாலை நிறைய ஜனம். இருபுறமும் மற்றப் பந்தல்கள் ஜொலித்தன, இது ஒன்றுதான் கறுப்பாக நின்றது.

"நிலானி, லைட்டப் போடும்மா" என்றார் சற்குணம். "எல்லாம் சரின்னு நீயே எழுதியிருக்க. இனிமே பூட்டி வைக்க உனக்கு உரிமை இல்ல."

"இல்லதான்" என்றாள்.

அவருக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு அது நன்றாகத் தெரியும். வேலை முடிந்ததும் பூட்டை எடுத்துவிட வேண்டும். அது ஆளைக் காப்பாற்ற, ஆளை மிரட்ட அல்ல. அமீரா அதைப் பலகையில் எழுதி அடிக்கோடு போட்டிருந்தாள். நிலானி தன் தொழிலில் மீறிய ஒரே விதி அதுதான், மீறியது பதினொரு நிமிடம். நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். நானாக இருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இழுத்திருப்பேன்.

"மைக்குல கரண்ட் இருக்கு. அன்னிக்கி நடந்தத ஹரீஷ் பேசட்டும். பேசினா லைட் வரும்."

"தேர் வருதும்மா! இருட்டுலயா?"

"அன்னிக்கி வெளிச்சம் வேணும்னு என் தம்பிய எரிச்சீங்க. இன்னிக்கி இருட்டுல நில்லுங்க."

குழு ஆட்கள் ஹரீஷைச் சூழ்ந்துகொண்டார்கள். விஷயம் அதற்குள் வாய்க்கு வாய் போயிருந்தது. ஒருவன் மைக்கை எடுத்து அவன் கையில் திணித்தான். ஹரீஷ் ஏதோ முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள் நிலானி.

அவன் மைக்கை வாயருகே கொண்டுபோனான். அவனுடைய ஸ்பீக்கர்களில் அவனுடைய குரல் சாலை முழுவதும் கேட்டது. "ஏழு வருஷத்துக்கு முன்னால இந்தப் பந்தல்ல செத்துப்போன மயூரன்... அவன் குடிக்கல. விரதத்துல இருந்தான். கரண்ட் கட்டாவாம இருக்க நான்தான் லூப் போட்டேன். அவன் குடிச்சிருந்தான்னு நான் சொன்னது பொய்."

ஜனம் அப்படியே நின்றது. தலையில் பால்குடம் வைத்திருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"எழுதினது யாருன்னும் சொல்லணும்" என்றாள் நிலானி.

மைக்கை யாரும் சற்குணத்தின் கையில் திணிக்க வேண்டியிருக்கவில்லை. அவரே முன்னால் வந்து அதை வாங்கினார். "நான் எழுதினேன். விநாசித்தம்பி மகனைப் பத்தி நான்தான் எழுதினேன். தெரிஞ்சே எழுதினேன்" என்றார். மைக்கை ஹரீஷிடமே திருப்பிக் கொடுத்தார்.

நிலானி பூட்டைத் திறந்தாள். பந்தல் முழுவதும் ஒரே சமயத்தில் விளக்குகள் பற்றின. சற்று நேரத்தில் தேர் வந்து பந்தலுக்கு முன்னால் நின்றது, தேங்காய்கள் உடைந்தன, எல்லாரும் கையைத் தலைக்கு மேல் குவித்து முருகனைப் பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. அவ்வளவு வெளிச்சத்தில் ஹரீஷின் முகம் நன்றாகத் தெரிந்தது, தேர் நகர்ந்து போகும்வரை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.